வாசகர் கேள்வி: டர்பன் மறுஆய்வு மாநாடும் கனடாவின் விலகலும்

கேள்வி: இனவெறியை எதிர்த்து ஐ.நா. கூட்டிய மாநாட்டைக் கனடா எல்லோருக்கும் முந்திக்கொண்டு புறக்கணித்தது ஏன்? யூத வெறுப்பு என்று அது சொன்ன காரணம் உண்மையா, வெறும் சாக்கா?

பதில்: 2009 ஏப்ரலில் ஜெனீவாவில் நடந்த மறுஆய்வு மாநாட்டைக் கேட்கிறீர்கள். அதில் கலந்துகொள்ளப் போவதில்லை என்று அப்போதைய கனடா பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பரின் அரசு 2008 ஜனவரியிலேயே, அதாவது பதினைந்து மாதங்களுக்கு முன்பே அறிவித்துவிட்டது. காரணம் சாக்கு அல்ல. அதன் வேர் 2001-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நடந்த முதல் மாநாட்டில் இருக்கிறது.

டர்பனில் கூடியவை இரண்டு அவைகள் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒன்று அரசுகளின் மாநாடு. மற்றொன்று அதையொட்டி கிங்ஸ்மீட் கிரிக்கெட் மைதானத்தில் நடந்த தன்னார்வ அமைப்புகளின் மன்றம். யூதர்கள் உலகை ஆளச் சதி செய்வதாக ஜார் காலத்து ரஷ்யாவில் புனையப்பட்ட போலி நூலின் பிரதிகளும், கொக்கி மூக்கும் கோரைப் பல்லுமாக யூதர்களை வரைந்த கேலிச்சித்திரத் தொகுப்பும் வெளிப்படையாகப் புழங்கியது அந்த மன்றத்தைச் சுற்றித்தான். மாநாட்டின் பொதுச்செயலாளராக இருந்த மேரி ராபின்சன் அந்தத் தொகுப்பை ஒரு விருந்தில் உயர்த்திக் காட்டி, இதைக் காணும்போது நானும் ஒரு யூதரே என்று கூறினார். மன்றம் நிறைவேற்றிய பிரகடனத்தை அரசுகளுக்குப் பரிந்துரைக்கவும் மறுத்தார். அமெரிக்காவும் இஸ்ரேலும் பாதியில் வெளியேறின. கனடா கடைசிவரை இருந்து தன் ஆட்சேபங்களைப் பதிவு செய்தது.

அரசுகள் ஏற்ற இறுதி அறிக்கையோ வேறு தொனியில் அமைந்தது. யூத இனப்படுகொலையை ஒருபோதும் மறக்கலாகாது என்றும், யூத வெறுப்பு பெருகுவது கவலைக்குரியது என்றும் அது கூறியது. கூடவே, அந்நிய ஆக்கிரமிப்பின் கீழ் வாழும் பாலஸ்தீனர்களின் நிலையையும் குறிப்பிட்டது. இனவெறி பற்றிய ஓர் உலக ஆவணத்தில் ஒரே ஒரு பிரச்சினை மட்டும் இப்படித் தனித்து இடம்பெற்றதைத்தான் விலகிய அரசுகள் ஏற்க மறுத்தன. மறுஆய்வுக்கான தயாரிப்புக் குழுவுக்கு லிபியா தலைமை ஏற்றதும், ஈரான் துணைத் தலைமையில் அமர்ந்ததும் கனடாவின் ஐயத்தை வளர்த்தன. அந்த ஐயம் நியாயமானது. ஆனால் மறுஆய்வு அறிக்கை வரைவின் ஒரு வரிகூட முடிவாகாத நேரத்தில் கதவைச் சாத்தியது அவசரம் என்பது என் கருத்து.

கேள்வி: புறக்கணித்ததால் ஏதாவது பயன் விளைந்ததா?

பதில்: இஸ்ரேல், அமெரிக்கா, ஜெர்மனி, இத்தாலி, ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகளும் பின்னர் கனடாவின் வழியில் சென்றன. இத்தனை பேர் போய்விடுவார்களோ என்ற அச்சம் வரைவைச் சுருக்கவும் மென்மைப்படுத்தவும் உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. 2009-இல் ஏற்கப்பட்ட அறிக்கையில் இஸ்ரேலின் பெயரே இல்லை. எனினும் அதன் முதல் பத்தி 2001 அறிக்கையை மீண்டும் உறுதிசெய்ததால், போகாதவர்கள் தங்கள் முடிவே சரி என்றார்கள்.

முதல் நாளான ஏப்ரல் 20 அன்று ஈரான் அதிபர் அகமதிநெஜாத் மேடையேறி இஸ்ரேலை இனவெறி அரசு என்று சாடியபோது, ஐரோப்பியப் பிரதிநிதிகள் வரிசையாக எழுந்து வெளியே நடந்தார்கள். செக் குடியரசு திரும்பி வரவே இல்லை. பிரிட்டன் முதலான நாடுகள் திரும்பி வந்து அமர்ந்தன. மறுநாளே அறிக்கை நிறைவேறியது. அமெரிக்கா வராததற்கு வெளிப்படையாக வருந்திய அப்போதைய ஐ.நா. மனித உரிமை ஆணையர் நவநீதம் பிள்ளை, டர்பனில் பிறந்த தமிழ் வம்சாவளியினர் என்பதையும் இங்கே சொல்லிவிடலாம்.

உள்ளே இருந்தே ஒன்றைத் தடுக்க முடியும் என்பதற்கு, பெருமைப்பட முடியாத ஓர் உதாரணம் நம்மிடமே உண்டு. 2001-இல் சாதியை விவாதப்பொருளாக்கக் கோரி தலித் அமைப்புகள் டர்பனுக்குச் சென்றன. இந்திய அரசு எங்கும் விலகாமல், அவையில் இருந்துகொண்டே எதிர்த்தது. இறுதி அறிக்கையில் சாதி என்ற சொல்லே இடம்பெறவில்லை.

கேள்வி: இது ஹார்ப்பர் கட்சியின் வாக்கு வங்கிக் கணக்கு என்கிறார்களே?

பதில்: கணக்கு அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2021-இல் டர்பன் மாநாட்டின் இருபதாம் ஆண்டுக் கூட்டம் நியூயார்க்கில் நடந்தபோது ஆட்சியில் இருந்தவர் ஹார்ப்பருக்கு எதிரான கட்சியைச் சேர்ந்த ஜஸ்டின் ட்ரூடோ. அப்போதும் கனடா போகவில்லை.