மலை ரயில் தடத்துக்கு மேலே உள்ள சரிவு யார் பொறுப்பு?

கேள்வி: வடகிழக்குப் பருவமழை வந்தாலே மண்சரிவால் மேட்டுப்பாளையம் - குன்னூர் மலை ரயில் ரத்தாகிறது. ரயில்வே நிர்வாகம் தடத்தை ஒருமுறை நன்றாகப் பலப்படுத்திவிட்டால் போதாதா?
- வாசகர், காரமடை

பதில்: போதாது. 1899-ல் குன்னூர் வரை திறக்கப்பட்ட இந்தத் தடம், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே அதிகபட்சமாக 12 அடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் சுமார் 1,300 மீட்டர் ஏறுகிறது; தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல்சட்டத்தை எஞ்சினின் பற்சக்கரம் பற்றிக்கொண்டுதான் ரயில் இதில் ஏறுகிறது. தண்டவாளத்தையும் பாலங்களையும் எவ்வளவு உறுதியாக்கினாலும், வழியிலுள்ள அடர்லி, ஹில்குரோவ் நிலையப் பகுதிகளில் வந்து விழும் மண்ணும் பாறையும் மரமும் பெரும்பாலும் ரயில்வேயின் எல்லைக்கு மேலே உள்ள காட்டுச் சரிவிலிருந்தே புறப்படுகின்றன. நீலகிரியில் பாறைக்கு மேல் சிதைந்த மண் தடிமனாகப் படிந்திருக்கிறது. நாள்கணக்கில் பெய்யும் மழை அதில் ஊறும்போது உள்ளே நீரழுத்தம் கூடி, பிடிமானம் தளர்ந்து, சரிவு இறங்கிவிடுகிறது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியபோது நீலகிரி மாவட்டம் முழுவதும் மண்சரிவுகள் ஏற்பட்டு, 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

காடு வனத்துறையிடமும், மலைச்சாலையின் சிறுபாலங்கள் நெடுஞ்சாலைத் துறையிடமும், தோட்டங்களின் வடிகால்கள் அவற்றின் உரிமையாளர்களிடமும் இருக்கின்றன. மேலே ஒருவர் திருப்பிவிடும் நீர் கீழே இன்னொருவரின் சரிவை அறுக்கும் என்பதால், இவர்கள் மழைக்கு முன்பே ஒன்றாக நடந்து பார்த்து வடிகால்களைச் சீரமைப்பதே உண்மையான பாதுகாப்பு. கலந்து பேசாமல் கட்டினால் என்ன ஆகும் என்பதை 2021-ல் கண்டோம்: ஹில்குரோவ் அருகே எழுப்பப்பட்ட தடுப்புச் சுவர் யானைகளின் பாதையை மறித்ததால், எதிர்ப்புக்குப் பின் அதை இடிக்க வேண்டியதாயிற்று.

சேர்ந்து செயல்படுவதற்கு ஆஸ்திரியா ஓர் எடுத்துக்காட்டு. அங்கே ஆர்ல்பர்க் மலை ரயில்பாதை திறக்கப்பட்ட அதே 1884-ல்தான், மலையோடைகளையும் பனிச்சரிவுகளையும் கட்டுப்படுத்தும் அரசுத் துறையும் அமைக்கப்பட்டது. அத்துறை ஓடையின் தலைப்பகுதியிலேயே தடுப்பணை கட்டி, மரம் வளர்க்கிறது. இன்றைய ஆஸ்திரிய ரயில்வே அதனுடன் இணைந்து இயங்குவதோடு, தன் தடங்களுக்கென்றே எச்சரிக்கை பெறுவதற்காக ஒரு வானிலை நிறுவனத்துடனும் கைகோத்திருக்கிறது.

கேள்வி: மண்சரிவை முன்கூட்டியே அறிய நமக்கு வழி இல்லையா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: இருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் உள்ளிட்டோருடன் சேர்ந்து, டார்ஜிலிங்கிலும் நீலகிரியிலும் முன்னறிவிப்பு முறையைச் சோதித்தது. 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையமும் தொடங்கப்பட்டது. ஆயினும் அந்த அறிவிப்பு ஒரு பரந்த பகுதிக்கானது; எந்த வளைவில் மண் இறங்கும் என்று அது சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் தடத்தை நடந்து பார்க்கும் ரயில்வே ஊழியர்களும், வனக் காவலர்களும், தோட்டத் தொழிலாளர்களும்தான். புதிய விரிசலும், சாய்ந்த மரமும், திடீரென்று கலங்கி வரும் ஓடையும் முதலில் அவர்கள் கண்ணில்தான் படுகின்றன. அவர்கள் உடனே அழைக்க அருகிலுள்ள நிலையத்தின் எண் ஒன்று வேண்டும். எத்தனை செ.மீ. மழை பெய்தால் ரயில் நிறுத்தப்படும் என்பதை மாவட்ட நிர்வாகமும் ரயில்வேயும் அக்டோபருக்கு முன்பே எழுத்தில் முடிவு செய்திருக்க வேண்டும்.