நான் கிறிஸ்தவன் இல்லை. அயர்லாந்தின் குரோ பேட்ரிக் மலை யாத்திரைக்குப் போகலாமா? 764 மீட்டர் மலையில் அப்படி என்ன இருக்கிறது?

தாராளமாகப் போகலாம். ஜூலை மாதக் கடைசி ஞாயிறன்று அந்த மலையில் ஜெபமாலை உருட்டிக்கொண்டு ஏறுகிறவர்களும் உண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓடி ஏறுகிறவர்களும் உண்டு, இறந்துபோன அம்மாவுக்காக வருஷா வருஷம் வருகிறவர்களும் உண்டு. யாரும் உங்கள் மதத்தை விசாரிக்கப் போவதில்லை. மலை இருக்கும் மேயோ பகுதியில் வேலை பார்க்கும் நானும் கிறிஸ்தவன் இல்லை. இங்கே எல்லோரும் மலையை ‘ரீக்’ என்றுதான் சொல்வார்கள். அந்த ஞாயிறு ‘ரீக் ஞாயிறு’.

அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உச்சியில் 1905-இல் கட்டிய ஒரு சின்ன வெள்ளைத் தேவாலயம் இருக்கிறது. மேகம் விலகினால் கீழே குளூ விரிகுடா முழுக்கத் தீவுகள். நாளுக்கு ஒன்றாக 365 என்று ஊரில் சொல்வார்கள், எண்ணிக்கை அவ்வளவு வராது. பனியாறு விட்டுப்போன மண்மேடுகளுக்கிடையே கடல் புகுந்ததால் உண்டானவை அவை. படம் எடுக்க அருமையான இடம்தான். ஆனால் படத்துக்காக மட்டும் ஏறினால் பாதிதான் பார்த்ததாக ஆகும் என்பது என் கருத்து. அங்கே பார்க்க வேண்டியது ஜனங்கள் கல்லைச் சுற்றி வருவதை.

அயர்லாந்தின் பாதுகாவல் புனிதரான பேட்ரிக் கி.பி. 441-இல் இந்த உச்சியில் 40 நாள் உபவாசம் இருந்தார் என்பது ஐதீகம். அதை நினைத்துச் செய்யும் யாத்திரைக்கு முறை இருக்கிறது. மூன்று இடங்களில் நின்று, சுற்றி, ஜெபிக்க வேண்டும். முதல் இடம் உச்சிக்கூம்பின் அடியில் உள்ள கற்குவியல். பேட்ரிக்கின் சீடர் பெனனின் பெயரால் ‘லாக்ட் பெனாய்ன்’ என்று அதற்குப் பெயர். ஏழு பரலோக ஜெபம், ஏழு அருள் நிறைந்த மரியே, ஒரு விசுவாச அறிக்கை சொல்லிக்கொண்டு ஏழு முறை வலம் வர வேண்டும். இரண்டாவது இடம் உச்சி. அங்கே தேவாலயத்தை மட்டும் பதினைந்து முறை. அப்புறம் பேட்ரிக் படுத்த இடம் என்று காட்டும் ‘லாபா ஃபாட்ரிக்’கை ஏழு முறை. மூன்றாவது இடம் மலையின் மேற்குச் சரிவில், ‘ரெலிக் விரா’ என்ற மூன்று கற்குவியல்கள். ஒவ்வொன்றையும் ஏழு தடவை, கடைசியில் மொத்த வளாகத்தையும் ஏழு தடவை. கணக்குத் தவறாமல் இருக்கச் சிலர் ஏழு கூழாங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுக்கு ஒன்றாகக் கீழே போடுவார்கள். எல்லாம் இடமிருந்து வலமாக, சூரியன் போகிற போக்கில்தான்.

முதல் இடத்துக்கு மேலேதான் கஷ்டம். அதுவரை கரடுமுரடான பாதைதான், வியர்க்கும், அவ்வளவுதான். அதற்கு மேல் செங்குத்தாகச் சரளைக்கல் சரிவு. உடைந்த குவார்ட்சைட் கற்கள், தேங்காய் அளவிலிருந்து நகம் அளவு வரை. காலை வைத்தால் கல்லோடு காலும் கீழே வரும். மேலே இருப்பவர் தள்ளிவிடும் கல் உங்கள் முழங்காலைத் தேடி வரும். இந்தச் சரிவில் செருப்பில்லாமல் ஏறுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எழுபது வயதிருக்கும் ஒரு பெரியவர் வெறுங்காலோடு இறங்கிக்கொண்டிருந்தார். குதிகாலில் ரத்தம். ஏறுகிற ஒவ்வொருவரிடமும் “இன்னும் கொஞ்ச தூரம்தான்” என்று பொய் சொல்லிக்கொண்டே போனார்.

இந்த மலை பேட்ரிக்குக்கு முன்பே புனிதமாக இருந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஜூலை கடைசி என்பது அறுவடை தொடங்கும் லூனசா விழாக்காலம், லூ என்ற பழைய தெய்வத்துக்குரியது. மலைக்குக் கிழக்கே போஹே என்ற இடத்தில் வட்டமும் குழியுமாகச் செதுக்கிய வரலாற்றுக்கு முந்தைய பாறை ஒன்று உண்டு. ஏப்ரல் 18, ஆகஸ்ட் 24 மாலைகளில் அங்கே நின்று பார்த்தால், மறையும் சூரியன் உச்சியைத் தொட்டு மலையின் விளிம்போடு உருண்டு இறங்குவது போலத் தெரியும். 1990-களில் உச்சியில் அகழ்ந்தபோது ஒரு பழைய கல் ஜெபக்கூடத்தின் அடித்தளம் கிடைத்தது. கரிமக் கணிப்பில் 430-க்கும் 890-க்கும் இடைப்பட்டது. உச்சியைச் சுற்றிப் பழைய கோட்டை மதிலின் தடமும் இருக்கிறது. 1113-இல் இங்கே உபவாசம் இருந்தவர்களில் முப்பது பேரை இரவில் விழுந்த நெருப்புப்பந்து கொன்றதாக அயர்லாந்தின் பழைய ஆண்டுக்குறிப்புகள் சொல்கின்றன. இடியாகத்தான் இருக்க வேண்டும். வானிலை விஷயத்தில் இந்த மலை அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்: 2015-இல் மோசமான வானிலையால் ரீக் ஞாயிறு யாத்திரையையே அதிகாரபூர்வமாக ரத்து செய்தார்கள்.

1980-களில் மலையில் தங்கம் இருப்பது தெரியவந்தது. ஊர் மக்கள் எதிர்த்தார்கள், சுரங்கம் வரவில்லை. அயர்லாந்தில் ஒரு மலைக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைத்திருக்குமா என்று தெரியவில்லை.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐரிஷ் பேசத் தெரியும் என்று 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சொன்னவர்கள் சுமார் 18.7 லட்சம். பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் 72 ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவு. மலைக்குப் பக்கத்து ஊரான வெஸ்ட்போர்ட்டின் தெருவில் உங்கள் காதில் ஆங்கிலம்தான் விழும். ஆனால் வீட்டில் ஐரிஷ் பேசாத குடும்பத்துப் பிள்ளைகூட மலையில் ‘லாபா ஃபாட்ரிக்’ என்றுதான் சொல்லும். அந்த இடங்களை அந்தப் பெயர்களில்தான் இன்னும் கூப்பிடுகிறார்கள்.

சரி, எப்போது போவது? கூட்டத்தைப் பார்க்க ஆசை என்றால் ரீக் ஞாயிறுதான். விடியற்காலையிலேயே ஏறத் தொடங்குங்கள், பத்து மணிக்கு மேல் சரளைச் சரிவில் வரிசை கட்டிவிடும். மலையை நிதானமாகப் பார்க்க ஆசை என்றால் மே அல்லது செப்டம்பரில் ஒரு வாரநாள் போதும், சுற்றுமுறை எல்லா நாளும் ஒன்றுதான். நடக்கத் தெம்பு இருந்தால் மூன்றாவது வழியும் உண்டு, எனக்குப் பிடித்ததும் அதுதான்: 1216-இல் கட்டிய பாலின்டப்பர் மடத்திலிருந்து வயல், சதுப்பு, ஓடை வழியாக மலைக்குப் போகும் சுமார் 35 கிலோமீட்டர் பழைய யாத்திரைப் பாதை, டோகர் ஃபாட்ரிக். பாதை விவசாயிகளின் நிலத்துக்குள் போவதால் முதலில் மடத்தில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

டப்ளினிலிருந்து வெஸ்ட்போர்ட்டுக்கு ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கிருந்து அடிவாரமான மரிஸ்க் பத்து கிலோமீட்டருக்குள்தான். ஏறி இறங்க நான்கு மணி நேரம் வையுங்கள். கணுக்காலை மூடும் பூட்ஸ், மழைக்கோட்டு, தண்ணீர் கட்டாயம். ஊன்றுகோல் மட்டும் மறக்காதீர்கள், இறங்கும்போதுதான் அதன் அருமை தெரியும். இறங்கிய பிறகு சாலைக்கு எதிர்ப்புறம் போய், ஜான் பீஹன் செய்த வெண்கலக் கப்பலையும் பாருங்கள். 1840-களின் பஞ்சத்தில் பிழைக்கக் கப்பலேறிச் செத்தவர்களுக்கான தேசிய நினைவுச்சின்னம் அது. பாய்மரக் கயிறு இருக்க வேண்டிய இடத்தில் எலும்புக்கூடுகள் தொங்கும். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.