கப்பல் கூலியை யார் கொடுத்தார்கள்? – வாசகர் கேள்வி, எமது பதில்

கேள்வி: எங்கள் முப்பாட்டனார் காலத்தில் ஊரில் பலர் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள் என்றும், அந்தக் கடன் கடைசிவரை தீரவில்லை என்றும் வீட்டில் சொல்வார்கள். அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் குடியேறிய பிரிட்டன், அயர்லாந்து ஏழைகளுக்குக் கப்பல் கூலி எங்கிருந்து வந்தது? அவர்களும் கடன்பட்டுத்தான் போனார்களா?
(புதுக்கோட்டை வாசகர் ஒருவர்)

பதில்: முதலில் கட்டணத்தைப் பார்த்துவிடுவோம். 1850 வாக்கில் இங்கிலாந்தில் ஒரு விவசாயத் தொழிலாளி வாரத்துக்குச் சராசரியாக ஒன்பது அல்லது பத்து ஷில்லிங் கூலி பெற்றார். இருபது ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுண்டு. லிவர்பூலிலிருந்து நியூயார்க்குக்குக் கப்பலின் கீழ்த்தட்டில் போக மூன்று முதல் ஐந்து பவுண்டு ஆயிற்று. சாப்பிடாமல் சேர்த்தால்கூட அது ஏழு முதல் பத்து வாரக் கூலி. ஆஸ்திரேலியாவுக்கோ மூன்று, நான்கு மாதக் கடற்பயணம். கட்டணம் பதினைந்து பவுண்டைத் தாண்டியது, அதாவது முப்பது வாரக் கூலிக்கு மேல். இந்த ஒரு வித்தியாசத்தால்தான் அமெரிக்காவுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் சொந்தப் பணத்திலோ உறவினர் பணத்திலோ போனார்கள். ஆஸ்திரேலியாவுக்குப் போன ஏழைகளுக்கு மூன்றாம் மனிதர் ஒருவரின் பணம் தேவைப்பட்டது.

அமெரிக்காவைப் பொறுத்தவரை, கப்பல் தலைவனே கடனுக்கு ஏற்றிக்கொண்டு போய், பிலடெல்பியா துறைமுகத்தில் பயணிகளின் சில ஆண்டு உழைப்பை விற்றுக் காசாக்கிக்கொண்ட பழைய முறை 1820களுக்குள் ஏறக்குறைய மறைந்துவிட்டது. அதன் இடத்துக்கு வந்தது குடும்பம். 1840களின் உருளைக்கிழங்குப் பெரும்பஞ்சத்துக்குப் பிந்தைய அயர்லாந்தில், வீட்டில் ஒரு மகனோ மகளோ முதலில் போவதும், அவர்கள் பாஸ்டனிலோ நியூயார்க்கிலோ வீட்டு வேலையும் மூட்டை வேலையும் செய்து அடுத்த தம்பிக்கோ தங்கைக்கோ அங்கேயே கட்டணம் கட்டி, முன்கூட்டியே செலுத்தப்பட்ட பயணச்சீட்டைத் தபாலில் அனுப்புவதும் வழக்கமாயிற்று. பிரிட்டிஷ் குடியேற்ற ஆணையர்கள் வங்கிகளிடம் கேட்டுத் தொகுத்த கணக்கின்படி, 1853இல் மட்டும் வட அமெரிக்காவிலிருந்து இவ்வாறு வந்த பணம் பதினான்கு லட்சம் பவுண்டுக்கு மேல். இதில் கடன் பத்திரமும் இல்லை, வட்டியும் இல்லை. ஆனால் சீட்டு வந்தவர் போய் இறங்கியதும் அடுத்தவருக்குச் சீட்டு அனுப்பியே ஆகவேண்டும். அனுப்பாதவர் ஊரில் தம் பெற்றோரைத் தலைகுனிய வைத்தார். அந்த நூற்றாண்டில் மிகக் குறைவான எழுத்துவேலையோடு மிக ஒழுங்காகத் திரும்பி வந்த பயணக்கடன் இதுதான் என்பது என் கணிப்பு.

ஆஸ்திரேலியாவின் கதை வேறு. அங்கே காலனி அரசு நிலத்தை விற்று, விற்ற பணத்தில் கூலியாட்களை இறக்குமதி செய்தது. நிலத்தை இலவசமாகக் கொடுத்தால் எல்லோரும் நிலச்சொந்தக்காரர் ஆகிவிடுவார்கள், கூலிக்கு ஆள் கிடைக்காது, ஆகவே தக்க விலை வைத்து விற்று அந்தப் பணத்தில் ஆள் கொண்டுவர வேண்டும் என்று எட்வர்ட் கிப்பன் வேக்ஃபீல்டு என்ற ஆங்கிலேயச் சிந்தனையாளர் வாதிட்டார். 1831 முதல் நியூ சவுத் வேல்ஸில் அரசு நிலம் ஏலத்தில் விற்கப்பட்டது. 1834இல் சட்டமான தெற்கு ஆஸ்திரேலியத் திட்டம் இந்தக் கொள்கையின்மீதே எழுந்தது. இவ்வழியில் போனவர்களில் பலர் கட்டணத்தில் சிறு பகுதியை மட்டும் கட்டினார்கள் அல்லது எதுவுமே கட்டவில்லை. அவர்கள் கடனாளிகள் அல்லர் என்று கணக்கு சொல்லும். ஆனால் விற்கப்பட்ட நிலம் அந்நாட்டுப் பூர்வகுடிகளுடையது. அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒரு காசும் கொடுக்கவில்லை. அந்தக் கப்பல் கூலியை உண்மையில் செலுத்தியவர்கள் அவர்கள்தாம்.

கடன் கொடுத்து ஆள் கொண்டுபோன முயற்சிகளும் உண்டு. ஜான் டன்மோர் லாங் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் சிட்னியில் ஒரு கல்லூரி கட்ட அரசிடம் 3,500 பவுண்டு கடன் பெற்றார். அதில் 1,500 பவுண்டை ஸ்காட்லாந்துக் கொத்தர்களையும் தச்சர்களையும் குடும்பத்தோடு அழைத்துவரச் செலவிட வேண்டும் என்பது நிபந்தனை. 1831 அக்டோபரில் ‘ஸ்டர்லிங் காசில்’ கப்பலில் வந்திறங்கிய அவர்கள், கல்லூரிக் கட்டடத்தில் வேலை செய்து, கூலியிலிருந்து பயணச்செலவை அடைக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

இந்த வரிசையில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது கரோலின் சிஷோம் அம்மையாரின் திட்டம். அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரியாக இருந்த ஆர்ச்சிபால்டு சிஷோமின் மனைவி. 1832இல் சென்னைக்கு வந்தவர், 1834இல் ஐரோப்பியச் சிப்பாய்களின் பெண்மக்களுக்கு இங்கே ஒரு தொழிற்பள்ளி நடத்தினார். 1838இல் சிட்னிக்குச் சென்றபோது, கப்பலிலிருந்து இறங்கிப் போக்கிடமின்றித் தெருவில் நின்ற இளம்பெண்களைக் கண்டு, அவர்களுக்குத் தங்குமிடமும் வேலையும் தேடிக் கொடுக்கத் தொடங்கினார். பின்னர் இங்கிலாந்து திரும்பி, 1849இல் லண்டனில் குடும்பக் குடியேற்றக் கடன் சங்கத்தை நிறுவினார்.

சங்கம் இயங்கிய விதம் நம் ஊர்ச் சீட்டுக்கட்டுகிறவர்களுக்கு எளிதில் விளங்கும். பயணம் போக விரும்பும் குடும்பம் வாராவாரம் தன்னால் இயன்றதைச் சங்கத்தில் செலுத்திக் கட்டணத்தின் பெரும்பகுதியைத் தானே சேர்க்க வேண்டும். மீதியைச் சங்கம் வட்டியில்லாமல் கொடுக்கும். போய் இறங்கிய பின் இரண்டு ஆண்டுக்குள் அடைக்க வேண்டும். இஸ்லிங்டனில் இருந்த அவருடைய வீட்டிலேயே குடும்பங்கள் கூடிப் பேசின. ஒரே கப்பலில் போகிறவர்கள் கப்பலேறும் முன்பே ஒருவரையொருவர் அறிந்துகொண்டார்கள். தனியாகப் போகும் பெண்கள் ஏதாவதொரு குடும்பத்தோடு சேர்க்கப்பட்டார்கள். முதல் கப்பலான ‘ஸ்லெய்ன்ஸ் காசில்’ 1850 செப்டம்பரில் புறப்பட்டது. கடனை வசூலிக்கவும் வந்தவர்களுக்கு வேலை பார்த்துக் கொடுக்கவும் கணவர் ஆர்ச்சிபால்டே ஊதியமில்லாமல் ஆஸ்திரேலியா போனார். 1854க்குள் மூவாயிரம் பேருக்கு மேல் இச்சங்கத்தின் மூலம் சென்றிருந்தார்கள். பிற்காலத்தில் ஆஸ்திரேலியா அம்மையாரின் முகத்தை 1967இல் வெளியிட்ட ஐந்து டாலர் நோட்டில் அச்சிட்டது. கடன் கொடுத்தவர் ஒருவரின் முகம் பணத்தில் ஏறியது பொருத்தம்தான்.

கேள்வி: கடலுக்கு அப்பால் போய்விட்டவரிடம் கடனை எப்படி வசூலித்தார்கள்? கட்டாமல் விட்டால் என்ன செய்தார்கள்?
(மதுரை வாசகி ஒருவர்)

பதில்: பெரும்பாலும் திணறினார்கள் என்பதே நேர்மையான விடை. 1851இல் ஆஸ்திரேலியாவில் தங்கம் கிடைத்த செய்தி பரவியதும், கூலியாட்கள் மட்டுமல்ல, துறைமுகத்தில் நின்ற கப்பல்களின் மாலுமிகளே வேலையை விட்டுச் சுரங்கத்துக்கு ஓடினார்கள். எந்தப் பள்ளத்தில் யார் மண் தோண்டுகிறார் என்று தேடிப் பிடித்துக் கடன் கேட்பது நடக்கிற காரியமா?

வசூலில் மிகுந்த முனைப்புக் காட்டியவர்கள் அமெரிக்காவின் மேற்கே யூட்டாவில் குடியேறிய மார்மன் என்ற மதச் சபையினர். ஐரோப்பாவிலிருந்த ஏழை உறுப்பினர்களை அழைத்துவர 1849இல் ஒரு நிதியைத் தொடங்கினார்கள். அதன் பெயரைத் தமிழில் ‘வற்றாத குடியேற்ற நிதி’ எனலாம். போனவர் அடைக்கும் பணம் அடுத்தவரைக் கொண்டுவரும் என்பது எண்ணம். பயணி கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் சாரம் இது: செலவு முழுவதும், கேட்டால் வட்டியோடும், அடையும்வரை எங்களையும் எங்கள் நேரத்தையும் எங்கள் உழைப்பையும் நிதியின் பொறுப்பில் ஒப்படைக்கிறோம். பணமில்லாதவர் கோதுமையாகவும் மாடாகவும் பொதுக் கட்டுமான வேலையாகவும் அடைக்கலாம். பாலைநிலத்தில் புதிதாக வீடும் வாய்க்காலும் அமைத்துக்கொண்டிருந்தவர்களிடம் ரொக்கம் எங்கே இருக்கும்?

செலவைக் குறைக்க 1856இல் மாட்டு வண்டிக்குப் பதில் கைவண்டி என்று தீர்மானித்தார்கள். ஒரு தலைக்கு 13 பவுண்டு ஆனது ஒன்பதாகக் குறைந்தது. குடும்பங்கள் ஆயிரம் மைலுக்கு மேல் வண்டியைத் தாமே இழுத்துப் போயின. அந்த ஆண்டு தாமதமாகப் புறப்பட்ட இரண்டு குழுவினர் அக்டோபர் மாதம் வயோமிங் பனியில் சிக்கி, இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மிச்சம் பிடித்த நான்கு பவுண்டின் விலை அது.

நினைவூட்டல்கள் பயன் தராமற்போகவே, 1877இல் கடன்பட்டவர்களின் பெயர்களையும் அவர்களுக்கு ஜாமீன் நின்றவர்களின் பெயர்களையும் தொகுத்து ஒரு புத்தகமாகவே அச்சிட்டார்கள். சபைத் தலைவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஞாயிறன்று எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று பார்த்துக்கொள்ளலாம். அதற்கும் பணம் பெரிதாக வரவில்லை. 1880இல் வட்டியோடு சேர்த்துப் பாக்கி சுமார் 16 லட்சம் டாலராக நின்றபோது, சபையின் ஐம்பதாம் ஆண்டை முன்னிட்டு, ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை வரும் விடுதலை ஆண்டு என்று விவிலியம் சொல்லும் யூபிலி ஆண்டின் முறைப்படி, தகுதியுள்ள ஏழைகளுக்காக அதில் பாதியைத் தள்ளுபடி செய்தார்கள். 1887இல் அமெரிக்க நாடாளுமன்றம் அந்த நிதியைச் சட்டத்தால் கலைத்தது. அதற்குள் ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் அதன் உதவியால் வந்து சேர்ந்திருந்தார்கள்.

கேள்வி: அப்படியானால் நம்மவர் பட்ட கடனுக்கும் அவர்கள் பட்ட கடனுக்கும் என்ன வேறுபாடு? இரண்டும் முன்பணம்தானே?
(புதுக்கோட்டை வாசகரே மீண்டும்)

பதில்: கடன் கொடுத்தவரும் கூலி கொடுப்பவரும் ஒரே ஆளா, வேறு வேறு ஆட்களா என்று பாருங்கள், வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. சிஷோம் அம்மையாரின் சங்கத்துக்குக் கடன்பட்டவர் எந்தப் பண்ணையில் வேண்டுமானாலும் கூலி பேசலாம். கூலி போதவில்லையென்றால் அடுத்த பண்ணைக்குப் போகலாம். கடன் அவரோடு போகுமே தவிர, அவரைக் கட்டிப்போடாது. மார்மன் நிதி, இந்தச் சங்கத்துக்கும் இலங்கைக் கங்காணி முறைக்கும் நடுவில் நின்றது, ஏனெனில் அங்கே கடன் கொடுத்த சபையே ஊரையும் நடத்தியது.

இலங்கையில் காப்பி, தேயிலைத் தோட்ட முதலாளி கங்காணியிடம் முன்பணம் கொடுத்தார். கங்காணி அதிலிருந்து வழிச்செலவுக்கும் சாப்பாட்டுக்கும் துணிக்கும் கொடுத்து ஆட்களைத் திரட்டினார். தொழிலாளியின் கணக்கு கங்காணியிடம், கங்காணியின் கணக்கு தோட்டத்திடம். சொல்லாமல் வேலையை விட்டுப் போனால் 1865ஆம் ஆண்டின் 11ஆம் சட்டப்படி சிறைத்தண்டனை உண்டு. ஆஸ்திரேலியாவிலும் வேலையைக் கைவிட்ட வெள்ளைக் கூலியாளைச் சிறைக்கு அனுப்பும் எசமான்–ஊழியர் சட்டம் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது; ஆனால் அங்கே ஒப்பந்தக் காலம் முடிந்தவர் விடுபட்டார். இலங்கையிலோ ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், ‘இந்தக் குழுவின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இவர்களை விடுவிப்போம்’ என்று எழுதிய ‘துண்டு’ வேண்டும். புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் அடைந்தது போலத் தோன்றினாலும் அது புதிய தோட்டத்தின் கணக்கில் ஏறிக்கொள்ளும். ஆள் பிடிக்கப் போட்டி போட்ட தோட்டங்கள் முன்பணத்தைக் கூட்டக் கூட்ட, தொழிலாளியின் தலையில் எழுதப்பட்ட தொகையும் கூடிற்று. உங்கள் வீட்டில் ‘கடைசிவரை தீரவில்லை’ என்று சொன்னது இதைத்தான். துண்டு முறையை இலங்கை அரசு 1921இல் சட்டம் இயற்றி ஒழித்தது.

உங்கள் முன்னோரில் யாராவது கங்காணியாக இருந்திருந்தால், பழைய டிரங்குப் பெட்டியில் அப்படியொரு துண்டோ கணக்குப் புத்தகமோ கிடக்க வாய்ப்புண்டு. கிடைத்தால் அதன் படியொன்றை எமக்கு அனுப்பி வையுங்கள்.