அப்பா அம்மாவுக்கு ஒரு டிக்கெட், பிள்ளைக்கு வேறு டிக்கெட்

ஐரோப்பாவில் படிக்கும் பிள்ளைகளும் ஊரிலிருந்து கிளம்பப் போகும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கே இந்த வாரம் இடம் சரியாக இருக்கிறது. மற்றவர்கள் அடுத்த வாரம் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஜெர்மனியில் ஆகன் நகரில் முதுகலை படிக்கிறேன், வயது 24. செப்டம்பரில் அப்பாவும் அம்மாவும் மதுரையிலிருந்து 15 நாள் வருகிறார்கள். ஆகனில் ஐந்தாறு நாள், பிறகு பாரிஸ், சுவிஸ், ரோம். மூவருக்கும் 'யூரெய்ல்' (ஒரே சீட்டில் பல ஐரோப்பிய நாடுகளில் ரயிலேறும்) பாஸ் எடுக்கலாம் என்று பார்த்தால், எனக்குக் கிடையாது என்கிறார்கள். நான் இந்தியன்தானே? பாஸ் எடுப்பது லாபமா?

பதில்: பாஸ் விற்பவர்கள் கேட்பது பாஸ்போர்ட்டை அல்ல, நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதைத்தான். ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு யூரெய்ல், உள்ளே வசிப்பவர்களுக்கு இன்டர்ரெய்ல். ஜெர்மன் குடியிருப்பு அட்டை கையில் இருப்பதால் நீங்கள் இன்டர்ரெய்ல் கணக்கு. அதிலும் ஒரு முடிச்சு உண்டு: வசிக்கும் நாட்டுக்குள் அது, வெளியே போக ஒரு பயணம், திரும்பி வர ஒரு பயணம், அவ்வளவுக்குத்தான் செல்லும். 27 வயது வரை இளைஞர் விலை கிடைக்கும். அப்பா அம்மாவுக்கு 60 தாண்டியிருந்தால் அவர்கள் பாஸில் 10 சதவீதம் குறையும்.

இந்த 'உள்ளே, வெளியே' பிரிவை நினைவில் வையுங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு அதுதான் பதில். வீட்டுக்கு நீங்கள் மூவரும் ஒரு குடும்பம். விற்பவருக்கு நீங்கள் உள்ளூர்க்காரர், பெற்றோர் விருந்தாளிகள்.

லாபமா என்றால், உங்கள் பாதைக்கு லாபமில்லை. எண்ணிப் பாருங்கள். ஆகனிலிருந்து பாரிஸுக்கு யூரோஸ்டார். பாரிஸிலிருந்து சுவிஸ் நகரமான பாசலுக்கு டிஜிவி லிரியா, மூன்று மணி நேரம். இன்னொரு சுவிஸ் நகரமான லுட்செர்னிலிருந்து மிலானுக்கு யூரோசிட்டி, மிலானிலிருந்து ரோமுக்கு ஃபிரெச்சாரோஸா. இந்த நான்கிலும் பாஸ் வைத்திருந்தாலும் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டி முன்பதிவு செய்தாக வேண்டும். பிரான்ஸின் அதிவேக ரயில்களில் பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கும் இருக்கைகளும் கொஞ்சம்தான். பாஸுக்கும் கொடுத்து, இருக்கைக்கும் கொடுத்து, கடைசியில் 'இடமில்லை' என்றும் கேட்பதற்கு, நான்கு தனி டிக்கெட்டுகளை இப்போதே எடுத்துவிடுங்கள். இந்த ரயில்களில் சீக்கிரம் எடுப்பவருக்குத்தான் மலிவு. தினமும் ஒரு ஊர் என்று மனம் போனபடி சுற்றுபவர்களுக்குப் பாஸ் நல்லது. முழங்கால் வலியோடு வரும் அம்மாவை அப்படி இழுத்துக்கொண்டு அலைய முடியாது.

தனித்தனியாக எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரே டிக்கெட்டில் இரண்டு ரயில் இருந்து, முதலாவது தாமதமாகி அடுத்தது போய்விட்டால் மாற்று ரயிலில் உங்களை ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. இரண்டு தனி டிக்கெட் என்றால் அது உங்கள் பாடு. ஆகவே மிலானில் ரயில் மாற ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் இடைவெளி விடுங்கள். பாசலில் கவலையில்லை, லுட்செர்னுக்கு அரை மணிக்கு ஒரு ரயில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, சேருமிடத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணி நேரம் தாண்டினால் 50 சதவீதம் திரும்பக் கேட்கலாம். கேட்டால்தான் கிடைக்கும்.

ஜெர்மனிக்குள் உங்கள் செமஸ்டர் டிக்கெட்டில் (மாணவர் பயணச் சீட்டு) பெற்றோர் ஏற முடியாது. அவர்களுக்கு டாய்ச்லாந்து டிக்கெட் (நாடு முழுதும் உள்ளூர் ரயில், பஸ்ஸுக்கான மாதச் சீட்டு) எடுப்பதும் வீண். 2026 ஜனவரியிலிருந்து அது மாதம் 63 யூரோ, அதுவும் ரத்து செய்யும் வரை மாதாமாதம் பணம் எடுத்துக்கொண்டே இருக்கும் சந்தா. கொலோன் தேவாலயம் பார்க்கப் போகும் அன்று ஐந்து பேர் வரை போகக்கூடிய மாநில நாள் டிக்கெட் ஒன்று போதும். வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும். அம்மா சமைத்துக் கிளம்பவும் அந்த நேரம் ஆகிவிடும்.

சுவிஸில் மட்டும் மூவரும் சமம். அங்கே நீங்களும் வெளியூர்க்காரர் என்பதால் ஸ்விஸ் டிராவல் பாஸ் (ரயில், பஸ், படகு மூன்றுக்கும் செல்லும்) மூவருக்கும் கிடைக்கும். யுங்ஃபிராவ்யோக் மலை ரயில் நிலையத்துக்கு (3,454 மீட்டர்) அந்தப் பாஸில் உச்சி வரை இலவசம் என்று நினைத்துப் போகிறவர்கள் அதிகம். இலவசம் வழியிலுள்ள கிரின்டெல்வால்ட் அல்லது வெங்கன் கிராமம் வரைதான்; அதற்கு மேல் 25 சதவீதத் தள்ளுபடி. என்னைக் கேட்டால் லுட்செர்னில் படகேறி ஃபிட்ஸ்னாவ் போய், 1871இல் தொடங்கிய பல்சக்கர ரயிலில் ரிகி மலைக்கு ஏறுங்கள். படகும் ரயிலும் பாஸிலேயே அடங்கும். மேலே மூச்சும் திணறாது.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருநெல்வேலி. மகள் ஜெர்மனியில் படிக்கிறாள். விசாவுக்கு முன்னால் விமான டிக்கெட்டுக்கு முழுப் பணமும் கட்டச் சொல்கிறார் ஏஜென்ட். என் செலவை ஏற்பதாக மகள் பொறுப்புக் கடிதம் கொடுத்தே ஆக வேண்டுமாமே?

பதில்: ஐயா, இரண்டும் தேவையில்லை. விசா விதி கேட்பது போகவர முன்பதிவு. திரும்பப் பெற முடியாத டிக்கெட்டை அல்ல. பிடித்துவைத்த முன்பதிவோ, ரத்து செய்தால் பணம் வரும் டிக்கெட்டோ போதும். ஆனால் போலி முன்பதிவுத் தாள் தயாரித்துத் தரும் ஆட்களிடம் போய்விடாதீர்கள். சரிபார்த்தால் மாட்டிக்கொள்வது ஏஜென்ட் அல்ல, நீங்கள்.

பொறுப்புக் கடிதம் கொடுக்க மகளுக்குப் போதிய வருமானம் வேண்டும், மாணவர்களுக்கு அது பெரும்பாலும் இருப்பதில்லை. உங்கள் ஓய்வூதியமும் வங்கிக் கணக்கு அறிக்கையும் செலவைத் தாங்கும் என்று காட்டினால் போதும். மகளிடமிருந்து அழைப்புக் கடிதம், குடியிருப்பு அட்டையின் நகல், படிப்புச் சான்று வாங்கி இணையுங்கள்.

எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். சுலபமாகக் கிடைக்கும் என்று யாரோ சொன்ன நாட்டிடம் அல்ல. கட்டணம் 2024 ஜூனிலிருந்து ஆளுக்கு 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. நிராகரித்தாலும் பணம் திரும்பாது. முன்பு ஜெர்மன் தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்டு எழுதலாம். 2025 ஜூலையோடு அதை நிறுத்திவிட்டார்கள். இனி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் நீதிமன்றம் போக வேண்டும். அதனால் முதல் தடவையே தாள்களைச் சரியாக அடுக்குங்கள்.

காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, தங்கும் நாள் முழுவதற்கும், ஷெங்கன் நாடுகள் (இந்த ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) எல்லாவற்றுக்கும் இருக்க வேண்டும். விசாவுக்கு இது போதும், உங்கள் உடம்புக்குப் போதுமா என்பது வேறு கேள்வி. சர்க்கரை, ரத்த அழுத்தம் போல ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குப் பல பாலிசிகள் பணம் தராது. அந்த ஒரு பத்தியை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். மகளின் மாணவர் காப்பீடு உங்களுக்குச் செல்லாது.

கேள்வி: ரோமிலிருந்து திரும்ப மலிவு விமானத்தில் ஆளுக்கு 25 யூரோ காட்டுகிறது. எடுத்துவிடட்டுமா?

பதில்: நான் படித்த காலத்தில் இதே கணக்கைத்தான் போட்டேன். வாயிலில் நின்ற பெண் அம்மாவின் பையை அளவு பார்க்கும் இரும்புச் சட்டத்துக்குள் வைக்கச் சொன்னார். சக்கரம் உள்ளே போகவில்லை. அப்பா இரண்டு சுவெட்டரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டார், அம்மா இட்லிப்பொடி டப்பாவைக் கைப்பையில் திணித்தார், நான் பையைக் காலால் அழுத்தினேன். சக்கரம் சக்கரமாகவே இருந்தது. டிக்கெட்டைவிட அதிகமாகப் பைக்குக் கட்டினேன். அம்மா இன்றும் அந்தப் பையை 'அறுபது யூரோ பை' என்றுதான் சொல்வார்.

25 யூரோவில் சேருவது இருக்கைக்கு அடியில் போகும் ஒரு சின்னப் பை மட்டும். பெட்டிகளையும் மூவரும் சேர்ந்து உட்காரும் கட்டணத்தையும் சேர்த்துக் கூட்டுங்கள். விமானம் எங்கே இறங்குகிறது என்றும் பாருங்கள். 'ஃபிராங்க்ஃபர்ட் ஹான்' என்ற பெயரில் ஃபிராங்க்ஃபர்ட் இருக்கிறது, ஆனால் நகரம் 120 கிலோமீட்டர் தள்ளி. சில நிறுவனங்களில் வீட்டிலிருந்தே செக்-இன் செய்யாவிட்டால் நிலையத்தில் தனிக் கட்டணம் உண்டு. விசாவில் பயணிப்பவர்களின் ஆவணத்தைச் சில இடங்களில் மேசையில் காட்டவும் வேண்டியிருக்கும், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

'இணையத்தில் வாங்கினால் 14 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாமே' என்று பலர் எழுதுகிறார்கள். ஐரோப்பாவில் அந்த உரிமை உண்மைதான். ஆனால் தேதி குறித்த ஹோட்டல் அறை, விமானம், ரயில், நுழைவுச் சீட்டு எதற்கும் அது கிடையாது.

ஊரிலிருந்து வரும் விமானம் பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் எந்த நிறுவன விமானமும் சென்னை போய்ச் சேர நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ஆளுக்கு 600 யூரோ இழப்பீடு கேட்கலாம். புயல் போல அவர்கள் கையை மீறிய காரணம் என்றால் கிடையாது. சென்னையிலிருந்து வரும்போது, ஐரோப்பிய நிறுவனத்தில் வந்தால்தான் இந்த உரிமை. வளைகுடா நிறுவனத்தில் வந்தால் வரும் வழிக்கு இல்லை, போகும் வழிக்கு உண்டு.

கேள்வி: அம்மா பால்கோவா, நெய், கறிவேப்பிலை எல்லாம் கட்டிவைத்திருக்கிறார். கொண்டுவரலாமா?

பதில்: மூன்றும் கூடாது. வெளிநாட்டிலிருந்து வரும் பயணி பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் இல்லாவிட்டால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். சான்றிதழ் தேவைப்படாதவை ஐந்து பழங்கள்: அன்னாசி, தேங்காய், துரியன், வாழை, பேரீச்சை. பொடி, ஊறுகாய், எண்ணெயில் பொரித்த முறுக்குக்குத் தொல்லையில்லை. கருவாட்டுக்கு ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு, பக்கத்து அறைக்காரர்களின் அனுமதி தனி.

பாரிஸில் சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். லா ஷப்பேல் பகுதியில் இறங்கினால் ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும். கறிவேப்பிலையும் அங்கே கிடைக்கும்.

கேள்வி: அம்மா கைப்பை வாங்க ஆசைப்படுகிறார். வரி திரும்பக் கிடைக்குமாமே? அப்பாவின் கார்டிலா என் கார்டிலா கட்டுவது?

பதில்: வரி திரும்புவது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவருக்கு மட்டும், ஆகவே உங்கள் பெயரில் பில் போட்டால் போச்சு. கடையில் அம்மாவின் பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் வாங்குங்கள். ஒரே கடையில் பிரான்ஸில் 100 யூரோவுக்கு மேலும், இத்தாலியில் 70க்கு மேலும், ஜெர்மனியில் 50க்கு மேலும் வாங்கியிருக்க வேண்டும். பிரான்ஸில் வரி 20 சதவீதம். இடைத்தரகர் கமிஷன் போக அதில் ஒரு பங்குதான் கைக்கு வரும். சுவிஸ் ஒன்றியத்தில் இல்லை. பாரிஸில் வாங்கிய பையோடு சுவிஸ் எல்லையைக் கடந்து மறுபடி உள்ளே வருவது வீண் குழப்பம், பயணக் கடைசியில் வாங்குங்கள். ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் முன்பே சுங்க மேசைக்குப் போங்கள். பொருளைக் காட்டச் சொல்வார்கள். அது விமானத்தின் வயிற்றுக்குள் போயிருந்தால் முத்திரை கிடைக்காது.

பில் எந்த கார்டில் என்றால், பெரும்பாலும் உங்கள் யூரோ கார்டே மலிவு. அப்பா பிறகு ரூபாயில் உங்களுக்குக் கணக்குத் தீர்க்கட்டும். இந்திய கிரெடிட் கார்டுகள் பலவற்றில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை கூடுதல், அதன்மேல் ஜிஎஸ்டி. அப்பா தன் கார்டையே நீட்டினால், இயந்திரம் 'ரூபாயிலா யூரோவிலா' என்று கேட்கும்போது யூரோவைத் தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் அவர்கள் வைத்த மாற்று விலைதான் விலை. கிளம்பும் முன் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கிவிடச் சொல்லுங்கள், ஓடிபி வரும் சிம்மில் ரோமிங்கும் இருக்கட்டும்.

கேள்வி: பாரிஸ் லூவர் அருங்காட்சியகம், ரோம் கொலோசியம் டிக்கெட் எங்கே வாங்குவது?

பதில்: அவற்றின் சொந்தத் தளத்தில் மட்டும். தேடினால் மேலே வருவது பெரும்பாலும் மறுவிற்பனைக்காரர்கள். கொலோசியம் டிக்கெட்டுகளை மொத்தமாக வாரிக்கொண்ட விவகாரத்தில் இத்தாலியப் போட்டி ஆணையம் 2025இல் கிட்டத்தட்ட 2 கோடி யூரோ அபராதம் போட்டது. கொலோசியம் சீட்டில் பெயர் இருக்கும், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். அப்பாவின் இனிஷியலில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். லூவரில் 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 32 யூரோ. 26 வயதுக்குக் கீழே ஐரோப்பாவில் வசிக்கும் உங்களுக்கு இலவசம், குடியிருப்பு அட்டையை மறக்காதீர்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

கேள்வி: ஒரு நாள் காரை வாடகைக்கு எடுத்து மோசெல் ஆற்றோரம் போகலாமா? என்னிடம் இந்திய ஓட்டுநர் உரிமம் இருக்கிறது, வந்து ஒன்றரை வருடம் ஆகிறது.

பதில்: ஜெர்மனியில் குடியேறி ஆறு மாதம் ஆனதும் உங்கள் இந்திய உரிமம் இங்கே செல்லாது. ஓட்டினால் உரிமமில்லாமல் ஓட்டிய குற்றம், காப்பீடும் சிக்கலாகும். சுற்றுலாவாக வரும் அப்பா, சர்வதேச அனுமதிச் சீட்டோடு தன் உரிமத்தில் ஓட்டலாம். கார் வலப்பக்கம் ஓடும், ஸ்டியரிங் இடப்பக்கம். முன்பணம் பிடிக்க ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள், அதுவும் அப்பாவுடையதாக இருக்க வேண்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லுங்கள்.