மகன் எடை கூடியதற்குக் கம்பெனி மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: கேரளாவில் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறை பக்கம் குடியிருக்கிறோம். மகன் தமிழ் மீடியத்தில் ஏழாம் வகுப்பு படிக்கிறான். எடை வயதுக்கு மிக அதிகம், ஈரலில் கொழுப்பு சேர ஆரம்பித்துவிட்டது என்று பாலக்காட்டில் டாக்டர் சொல்கிறார். பள்ளிக்கூட வாசலிலேயே கடை. தினமும் சிப்ஸ், கூல்டிரிங்ஸ். வீட்டிலும் 'வளர்ச்சிக்கு நல்லது' என்ற டி.வி. விளம்பரத்தை நம்பி, பொள்ளாச்சி போகும்போதெல்லாம் மால்ட் பவுடர் வாங்கிக் கொடுத்தேன். எல்லாம் என் தப்புதானா? கம்பெனிகளிடம் நஷ்டஈடு கேட்க முடியுமா? வழக்கு கேரளாவிலா, தமிழ்நாட்டிலா?

பதில்: பிள்ளை வளர வேண்டும் என்று நம்பிக் காசு கொடுத்து வாங்கியது தப்பாகாது சகோதரி. அந்த நம்பிக்கையை விளம்பரம் போட்டு உண்டாக்கியவர்களுக்குச் சட்டத்தில் பொறுப்பு இருக்கிறது. ஆனால் எந்தப் பொறுப்பைப் பிடித்துக் கேட்கிறோம் என்பதில்தான் வழக்கின் உயிரே இருக்கிறது.

'உன் சரக்கைத் தின்று என் மகன் குண்டாகிவிட்டான்' என்று நேரடியாகப் போடும் வழக்கு நிற்காது என்பதே என் கருத்து. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தயாரிப்பாளரின் பொறுப்புக்குத் தனி அத்தியாயமே உண்டு. நோயும் அதில் ஒரு பாதிப்புதான். ஆனாலும் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது, வீட்டுச் சாப்பாடு என்ன, பையன் விளையாடுகிறானா, குடும்பத்தில் யாருக்காவது பருமன் உண்டா என்றுதான். எடை ஏறியது இந்த ஒரு பானத்தால்தான் என்று நிரூபிப்பது மிகக் கடினம். அப்புறம் 87-ஆவது பிரிவு குறுக்கே வரும். எல்லாருக்கும் பொதுவாகத் தெரிந்த ஆபத்தைச் சொல்லி எச்சரிக்கவில்லை என்பதற்காகத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்க முடியாது என்கிறது அது. கூல்டிரிங்ஸில் சர்க்கரை இருப்பது தெரியாதா என்று கேட்டால் நம்மிடம் பதில் இல்லை.

அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது. 2002-இல் நியூயார்க்கில் பதின்வயதுப் பிள்ளைகளுக்காக மெக்டொனால்ட்ஸ் மீது போட்ட வழக்கை 2003-இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2005-இல் மேல்முறையீட்டில் உயிர்பெற்றது ஏமாற்று விளம்பரம் பற்றிய பகுதி மட்டும்தான். அது கூட்டு வழக்காக நடக்க 2010-இல் அனுமதி கிடைக்கவில்லை. ஆனாலும் எந்தப் பகுதி உயிர்பெற்றது என்பதைக் கவனியுங்கள். உங்கள் பலமும் அங்கேதான் இருக்கிறது.

கேள்வியோடு நீங்கள் அனுப்பிய மால்ட் பவுடர் டப்பா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்கம் துள்ளி ஓடும் பையன், பக்கத்தில் உயரம் அளக்கும் கோடு. பின்பக்கம் பொடி எழுத்தில், 100 கிராமுக்குச் சேர்க்கப்பட்ட சர்க்கரை 32 கிராம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! அதையே 'ஒரு வேளைக்கு 20 கிராம்' என்று வைத்து, நாள் அளவில் 13 சதவீதம் என்று காட்டியிருக்கிறார்கள். அந்த நாள் அளவு 50 கிராம். அதுவும் 2000 கலோரி சாப்பிடும் பெரியவருக்கான கணக்கு. எந்த வீட்டில் 20 கிராம் நிறுத்துப் போடுகிறார்கள்? கரண்டி குவித்து இரண்டு வேளை கொடுப்பார்கள், பாலில் சர்க்கரை வேறு சேரும். கூல்டிரிங்ஸுக்குச் சொன்ன 'தெரிந்த ஆபத்து' வாதம் இதற்கு எளிதில் பொருந்தாது. இதை நீங்கள் மருந்து மாதிரி நினைத்துக் கொடுத்தீர்கள். அப்படி நினைக்க வைத்தது டப்பாவின் முன்பக்கம்.

2024 ஏப்ரலில் மத்திய அரசே இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' வரிசையிலிருந்து எடுக்கும்படி ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது. அப்படி ஒரு வகை உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கிடையாது. அந்தச் சட்டத்தின் 53-ஆவது பிரிவில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. நுகர்வோர் சட்டப்படியும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் வரையும், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரையும் விதிக்கலாம். இதற்கான புகாரை டில்லிக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றில்லை, பாலக்காடு கலெக்டரிடமே கொடுக்கலாம். அபராதம் உங்கள் கைக்கு வராது.

உங்களுக்குப் பணம் வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். வாங்கியது பொள்ளாச்சியாக இருந்தாலும் கவலை வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அதனால் பாலக்காடு போதும். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. பவுடருக்குக் கொடுத்த பணம், வைத்தியச் செலவில் ஒரு பகுதி, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, இவ்வளவு கேளுங்கள். கோடியில் கேட்டால் வழக்கின் கவனம் விளம்பரத்தை விட்டு உங்கள் வீட்டுச் சமையலறைக்குத் திரும்பிவிடும்.

இனி பள்ளி வாசல் கடை. உங்கள் மகனுக்கு மட்டுமல்ல, அந்தப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் சீக்கிரம் பலன் தரக்கூடியது இதுதான் என்பதால் இதை முதலில் செய்யுங்கள். பள்ளிப் பிள்ளைகளின் உணவு பற்றிய 2020-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, கொழுப்பும் உப்பும் சேர்த்த சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், பள்ளி கேட்டிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது. அந்த எல்லைக்குள் பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரமும் கூடாது. கடைக்காரர் மீது கோபப்படாதீர்கள், அவர் பிழைப்புக்கு விற்கிறார். கடையின் பெயர்ப்பலகையைப் பாருங்கள். பாதிக்கு மேல் கூல்டிரிங்ஸ் படமாக இருக்கும். கண்ணாடிக் கதவு வைத்த குளிர்பெட்டியிலும் கம்பெனி பெயர்தான் ஒளிரும். கேட்டிலிருந்து அது தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள், தூரத்தை அளந்து எழுதுங்கள். புகாரில் கடையோடு கம்பெனியையும் சேருங்கள்.

புகாரை உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்குக் கொடுத்து, நகலைத் தலைமையாசிரியருக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் (பி.டி.ஏ.) கொடுங்கள். 50 மீட்டர் எச்சரிக்கைப் பலகையை வாசலில் வைப்பது பள்ளியின் கடமை. மலையாளம் எழுத வராதே என்று தயங்க வேண்டாம். கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ்ச் சிறுபான்மையினர் துறைத் தலைமை அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும். திருவனந்தபுரத்தில் உள்ள உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு ஒரு பிரதியைத் தமிழிலேயே பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

கேரளம் 2016-இலேயே பெரிய உணவகங்களின் பர்கர், பீட்சாவுக்கு 14.5 சதவீத வரி போட்டுப் பார்த்த மாநிலம். ஜி.எஸ்.டி. வந்ததும் அது போய்விட்டது. பாக்கெட்டின் முன்பக்கமே எச்சரிக்கை அச்சிடும் முறையைச் சிலி நாடு அதே 2016-இல் கொண்டுவந்தது. இங்கே உச்ச நீதிமன்றம் 2025-இல் அது பற்றிக் கெடு வைத்துக் கேட்கும் நிலையில்தான் இருந்தோம். பின்பக்கப் பொடி எழுத்தை ஒரு தாய் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

நுகர்வோர் வழக்குக்குக் காலக்கெடு இரண்டு ஆண்டு. டாக்டர் சீட்டு, ஸ்கேன் ரிப்போர்ட், பொள்ளாச்சிக் கடை பில், காலி டப்பா எதையும் தூக்கிப் போடாதீர்கள். பில் இல்லையென்றால் அடுத்த முறை பொள்ளாச்சி போகும்போது அதே கடையில் ஒரே ஒரு டப்பா பில்லோடு வாங்கி, பிரிக்காமல் வையுங்கள்.