தங்கம் ஏறியதற்காகக் கடனை ஏற்றாதீர்கள்

கேள்வி: காரைக்குடி அருகே கல்லல் பக்கம் எங்கள் ஊர். நாலு ஏக்கர் மானாவாரி நெல், ஒன்றரை ஏக்கரில் போர் தண்ணீரில் கத்தரி, வெண்டை. இலவச மின்சாரம்தான். 2019-ல் கண்மாய் வற்றிக் கிடந்தபோது என் 14 பவுனைத் தனியார் நிதி நிறுவனத்தில் வைத்து 2 லட்சம் வாங்கிப் போர் போட்டோம். 2022-ல் திருப்பி வைத்தபோது நாத்தனார் மகள் கல்யாணச் சீருக்காகக் கூட வாங்கி 3 லட்சம் ஆனது. 2024-ல் மகனின் சிங்கப்பூர் விசாவுக்காக 4.5 லட்சம். வட்டி நூற்றுக்கு ஒன்றரை, வருஷா வருஷம் கட்டிவிடுகிறோம். செலவு போக நல்ல வருஷத்தில் நெல்லில் 40,000, காய்கறியில் 60,000 நிற்கும். வீட்டுச் செலவு மகன் அனுப்புவதில் ஓடுகிறது.

இப்போது நாத்தனார் மகன் ஒரு கம்பெனிக்கு ஏஜென்ட். சொட்டுநீர் 1.4 லட்சம், மண் ஈரம் பார்க்கும் சென்சாரும் தானாகத் திறக்கும் வால்வும் 1.5 லட்சம், வானிலைக் கருவி 70,000, ட்ரோனில் ஒரு பங்கு 1.2 லட்சம், ஆக 4.8 லட்சம் என்கிறார். "புதுசா ஒரு பொட்டு நகை வைக்க வேண்டாம் அத்தை, தங்கம் ஏறியிருக்கு, அதே நகைக்கே கூடக் கொடுப்பாங்க" என்கிறார். மறுத்தால் மனஸ்தாபம் வரும். எங்கள் மகளை அவருக்குத்தான் என்ற பேச்சும் இருக்கிறது. மழையோ முன்போல இல்லை. என்ன செய்யட்டும்?

பதில்: வருஷம், தொகை, வட்டி எல்லாம் பிசகாமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால் வரவு செலவு எழுதுங்கள், சேமியுங்கள் என்றெல்லாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஏஜென்ட் தம்பி கொண்டுவந்த கருவிகளைப் பற்றி அப்புறம் பேசுவோம். அவர் வருவதற்கு முன்பே உங்கள் வீட்டைக் கரைத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு பழக்கம்: வட்டியை மட்டும் கட்டி நகையைத் திருப்பி வைப்பது, வைக்கும்போதெல்லாம் கூடக் கொஞ்சம் வாங்குவது.

கணக்கைப் பாருங்கள். மாதம் நூற்றுக்கு ஒன்றரை என்றால் வருஷத்துக்கு 18 சதவீதம், 2 லட்சத்துக்கு வருஷம் 36,000. மூன்று வருஷத்தில் 1,08,000. அப்புறம் 3 லட்சத்துக்கு 54,000 வீதம் இரண்டு வருஷம், இன்னொரு 1,08,000. 2024-க்குள்ளேயே 2,16,000 வட்டியாகப் போய்விட்டது. முதலில் வாங்கியதே 2 லட்சம்தான். இப்போது 4.5 லட்சத்துக்கு வருஷம் 81,000. மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் ஐந்தரை ஏக்கரும் சேர்ந்து கொடுப்பது ஒரு லட்சம். அதில் நிதி நிறுவனம் 81,000-ஐ எடுத்துக்கொள்கிறது. மழை தவறினால் மகனின் சம்பளம் அங்கே போகிறது. இதற்கு மேல் 4.8 லட்சம் வாங்கினால் 86,400 சேர்ந்து வட்டி மட்டும் வருஷம் 1,67,400. எந்த மழையிலும் உங்கள் நிலம் அவ்வளவு கொடுத்ததில்லை.

தங்கம் ஏறியதால் "கூடக் கொடுப்பாங்க" என்பதுதான் எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது. விலை ஏறினால் லாபம் நகைக்குச் சொந்தக்காரருக்கு வர வேண்டும். உங்கள் வீட்டில் ஒவ்வொரு ஏற்றமும் கடனாக மாறிவிட்டது. நகை கூடவில்லை, நிலம் கூடவில்லை, கடன் மட்டும் இரண்டே கால் மடங்கு. பத்து வருஷம் உழைக்க வேண்டிய போரை ஒரு வருஷத் தவணைக் கடனில் போட்டதும் தப்புதான். ஆனால் அது முடிந்த கதை. இனி ஒரு ரூபாயும் கூட வாங்கக் கூடாது, அது யாருடைய சீராக இருந்தாலும் சரி.

இனி தம்பியின் பட்டியல். சொட்டுநீர் நல்லது, போடுங்கள். ஆனால் 1.4 லட்சம் எதற்கு? தமிழ்நாட்டில் 5 ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிக்கு நிர்ணயித்த அளவுக்குள் முழு மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். ஐந்தரை ஏக்கரும் உங்கள் வீட்டுக்காரர் ஒருவர் பெயரில்தானா, மாமியார் பெயரிலும் கொஞ்சம் இருக்கிறதா என்று நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டாவைப் பாருங்கள். அந்த அரை ஏக்கர்தான் முழு மானியமா முக்கால் மானியமா என்று தீர்மானிக்கும். கம்பெனியில் முன்பணம் கட்டும் முன் தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போங்கள்.

சென்சார் வேலை செய்யும், பொய்யில்லை. ஆனால் தண்ணீரைத் திறந்து மூடும் வசதி உள்ள இடத்தில்தான் அதற்கு வேலை. புரட்டாசியில் புழுதியில் விதைத்து ஐப்பசி மழைக்குக் காத்திருக்கும் உங்கள் நாலு ஏக்கரில், மண் காய்ந்துவிட்டது என்று போனில் செய்தி வந்தால் என்ன செய்வீர்கள்? ஆக அது ஒன்றரை ஏக்கர் காய்கறிக்கு மட்டும். மின்சாரம் இலவசம் என்பதால் கரண்ட் பில்லிலும் மிச்சம் இல்லை. மிஞ்சுவது மோட்டார் போட நடக்கும் நடையும் கொஞ்சம் தண்ணீரும். அந்த நடைக்கு, போனிலிருந்தே மோட்டாரைப் போடும் மொபைல் ஸ்டார்ட்டர் சில ஆயிரத்தில் கிடைக்கிறது. தண்ணீரைச் சொட்டுநீரே மிச்சம் பிடித்துவிடும். 1.5 லட்சத்துக்கு வருஷம் 27,000 வட்டி கட்டும் அளவுக்கு அங்கே ஒன்றும் இல்லை.

ட்ரோன் பங்கு வேண்டவே வேண்டாம். வாடகைக்கு மருந்தடிக்க ஏக்கருக்கு 600 ரூபாய் என்றே வையுங்கள். ஐந்தரை ஏக்கருக்கும் மூன்று தடவை அடித்தாலும் பத்தாயிரத்துக்குள். 1.2 லட்சத்துக்கு வட்டி மட்டுமே 21,600. பங்கு என்றால் ரிப்பேரிலும் பங்கு, பேட்டரி மாற்றுவதிலும் பங்கு. வானிலைக் கருவியும் அப்படித்தான். வானிலை ஆய்வுத் துறையின் மேகதூத் செயலி இலவசம். செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் மாவட்டவாரியாக, பயிர்வாரியாக ஆலோசனை வருகிறது.

வறட்சிக்கு உண்மையில் தாங்குவது பெரும்பாலும் விலை குறைந்ததாகத்தான் இருக்கிறது, அதனால் அதை விற்க ஏஜென்ட் வருவதில்லை. பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் கொடுத்த அண்ணா (ஆர்) 4 நூறு, நூற்றைந்து நாள் நெல், மானாவாரிக்கென்றே வந்தது. விதையை ஒரு சதவீத பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைத்தால் முளைத்த பயிர் ஆரம்ப வறட்சியைத் தாங்கும். லிட்டருக்குப் பத்து கிராம், அவ்வளவுதான் செலவு. செட்டிநாட்டிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் மானாவாரி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. இரண்டுமே உங்களுக்கு பஸ் தூரம். மழைநீரைத் தேக்கிவைக்கும் பண்ணைக்குட்டைக்கு இடம் தோதுப்படுமா என்பதை வேளாண் பொறியியல் துறையில் கேளுங்கள். 4.8 லட்சத்தைப் பற்றி யோசிக்கும் முன் இந்த அலைச்சலுக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

இப்போது நகை. நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காது. கொஞ்சத்தை விற்றுக் கடனை முடியுங்கள். அன்றைய விலையைப் பொறுத்து நாலிலிருந்து ஆறு பவுன் போகும், எட்டுப் பவுனாவது வீட்டுக்கு வரும். மகளுக்குப் போட வைத்திருந்தது என்று மனசு கேட்காதுதான். ஆனால் பெட்டகத்தில் இருக்கும் பதினாலு பவுனை அவள் கழுத்தில் போட முடியாது. வட்டிக்குப் போகும் 81,000-ல் வருஷத்துக்கு அரைப் பவுனுக்குக் குறையாமல் வாங்கிச் சேர்க்கலாம். விற்க நகை முதலில் கைக்கு வர வேண்டுமே. கொஞ்சம் பணம் கட்டி ஓரிரு உருப்படியை மட்டும் முதலில் எடுக்க முடியுமா என்று நிதி நிறுவனக் கிளையில் கேளுங்கள். அந்தப் பணத்துக்கு மகனிடம் ஒரு மாதத்துக்குக் கைமாற்று வாங்கலாம். "அடகு நகையை நாங்களே மீட்டு வாங்கிக்கொள்கிறோம்" என்பவர்களிடம் போனால் விலையில் அடிப்பார்கள்.

விற்க மனமே வரவில்லை என்றால், அரசு வங்கிக்கோ கூட்டுறவு வங்கிக்கோ மாற்றுங்கள். 10 சதவீதம் என்று வைத்தாலும் வருஷம் 45,000, உடனே 36,000 மிச்சம். அந்த 36,000-ஐ அசலில் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் மாற்றியதில் பிரயோஜனம் இல்லை. நகையை ஒரே ரசீதில் வைக்காமல் மூன்று நாலாகப் பிரித்து வையுங்கள், ஒவ்வொன்றாக மீட்க வசதி.

சாகுபடிச் செலவுக்கு நகையைத் தொடவே வேண்டாம். தொடக்கக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லை. வங்கியிலும் 2025 ஜனவரியிலிருந்து 2 லட்சம் வரை விவசாயக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தப் பணத்தை எடுத்து நகைக்கு வட்டி கட்டிவிடாதீர்கள், பல வீடுகளில் நடப்பது அதுதான். நெல்லுக்குக் காப்பீடு செய்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சம்பாவுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான் உங்கள் பங்கு. கடன் வாங்காதவர்களும் அடங்கலுடன் (என்ன பயிர் என்று வி.ஏ.ஓ. தரும் சான்று) இ-சேவை மையத்தில் பதியலாம். பெரும்பாலும் நவம்பர் பாதியில் கெடு முடிந்துவிடும்.

தம்பியிடம் சண்டை வேண்டாம், அவர் பிழைப்பு அது. "மானியத்தில் சொட்டுநீர் போடுகிறோம், மொபைல் ஸ்டார்ட்டர் உன்னிடமே வாங்கிக்கொள்கிறேன், மற்றதை முதலில் உங்கள் நிலத்தில் ஒரு வெள்ளாமை போட்டுக் காட்டு" என்று சொல்லுங்கள். நீங்கள் தனியாகச் சொல்லாமல் உங்கள் வீட்டுக்காரரே, உங்கள் நாத்தனாரையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லட்டும், பேச்சு மாமாவோடு நிற்கும். மகள் கல்யாணப் பேச்சை அதே உட்காரலில் எடுக்க வேண்டாம், யார் எடுத்தாலும் இன்னொரு நாள் பேசலாம் என்று எழுந்துவிடுங்கள். இதெல்லாம் அடுத்து நகையைத் திருப்பி வைக்கும் தேதிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அந்தத் தேதி எது என்று இன்றே ரசீதை எடுத்துப் பாருங்கள்.