அந்தப் பழைய சுவிஸ் பொம்மை நிஜமாகவே ஆர்கன் வாசிக்கிறதா?

"கைகள் சும்மா அசைகின்றன, பாட்டு உள்ளே தனியாக ஓடுகிறது, அப்படித்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். பல இசைப் பொம்மைகளில் அது சரிதான். ஆனால் சுவிட்சர்லாந்தின் நியூஷாத்தெல் அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘இசைக்காரி’ அப்படியில்லை. ழாக்கே-துரோ என்ற கடிகாரக் குடும்பத்தார் 1774-இல் காட்சிக்கு வைத்த பொம்மை அது. ஆர்கன் என்பது காற்றால் ஒலிக்கும் குழல்கள் கொண்ட இசைக்கருவி. பொம்மையின் விரல் அதன் கட்டையை அழுத்தினால்தான் குழலுக்குள் காற்று போகும்; அழுத்தாவிட்டால் சத்தமே வராது.

சாவி கொடுத்து முறுக்கிய சுருள்வில் ஒரு உருளையைச் சுழற்றுகிறது. அதன்மேல் முள் முள்ளாகப் பதித்த ஊசிகள்தான் பாட்டின் சுரங்கள். ஒரு ஊசி வந்து நெம்புகோலைத் தட்டும்; அந்த அசைவு கைக்குள்ளேயே ஓடி ஒரே ஒரு விரலைக் கீழே இறக்கும். ஊசி மயிரிழை தள்ளியிருந்தாலும் தாளம் தப்பிவிடும். கை இடம் வலமாக நகர்வதற்கு வேறு தகடுகள், விளிம்பை மேடுபள்ளமாக வெட்டியவை. குழல்களுக்குக் காற்று தரும் துருத்தி தனி.

எனக்குப் பிடித்தது அவள் மூச்சுதான். வாசிப்பதற்கு முன்பே மார்பு ஏறி இறங்கத் தொடங்கும். கண்கள் விரல்களைத் தொடரும். முடிந்ததும் தலை குனிந்து ஒரு வணக்கம். இசைக்கு இதெல்லாம் தேவையே இல்லை. இருந்தும் உட்கார்ந்து செய்திருக்கிறார்கள்.